மத்தியானத்தில் மட்டும் பழுதாகும் படங்கள்

"காலமை வடிவா இருந்த படம் அண்ணை, இப்ப திறந்தா அரைவாசிக்குக் கீழ ஊதாவாச் சரிஞ்சு கிடக்குது" என்று ஸ்கான் செய்கிற தங்கச்சி வந்து சொன்னபோது மணி இரண்டரை. ஆவணி வெயில். கச்சான் காற்றுப் புழுதியை அள்ளிக்கொண்டு சனசமூக நிலையத்தின் தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நான் முதலில் திரையைத்தான் சந்தேகப்பட்டேன். வேறு படங்களைத் திறந்தால் எல்லாம் சரி. அந்த ஒன்று மட்டும், ஒரு கல்யாணப் படம், மணப்பெண்ணின் தோளுக்குக் கீழே பக்கவாட்டில் நகர்ந்து நிறம் மாறி நின்றது.

அடுத்தநாள் காலையில் கணினியைப் போட்டு அதே படத்தைத் திறந்தோம். ஒரு குறையும் இல்லை.

அது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. பயத்தைத்தான் தந்தது. தானாகப் பழுதாகி, தானாகச் சுகமாகிற கோப்பு என்று ஒன்று இருக்க முடியாது. எங்கோ ஒரு பொய் நடக்கிறது, அது எந்த இடம் என்று தெரியவில்லை.

எங்களுடைய நிலையம் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் இடையில், ஏ34 வீதியிலிருந்து உள்ளே கொஞ்சத் தூரம். ஒன்றரை வருடமாக ஊர்ச் சனத்தின் பழைய படங்களையும் காணி அனுமதிப்பத்திரங்களையும் ஸ்கான் செய்து வைக்கிறோம். 2009 இல் போரின் கடைசியில் மாத்தளன் வரைக்கும் போய், பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்து திரும்பிய சனம் இது. உடுப்புப் பெட்டியை வழியில் விட்டுப்போட்டு, படங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்த ஒரு படத்தை எங்கள் கையில் தந்துவிட்டு, "பத்திரமா வைச்சிருங்கோ" என்று சொல்லிப் போகிறார்கள். அதனால் இந்த வேலையில் "கணினி கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கணினி பாவித்த ஒன்று. டிடிஆர்3 வகையில் ஒரே ஒரு 8 ஜிபி ரேம், லினக்ஸ் வகையான டெபியன் 12 இயங்குதளம், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் செய்தால் 3,600 பெருக்கல் 2,400 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்; ஆக மொத்தம் கிட்டத்தட்ட 26 மெகாபைட். அதை அமுக்காமல் டிஃப் கோப்பாக வைத்துவிட்டு, பார்க்கிறதுக்கு ஒரு ஜேபெக் பிரதி எடுப்போம். கிழமைக்கு ஒருதரம் எல்லாவற்றையும் இரண்டு வெளி வன்தட்டுகளுக்குப் பிரதி எடுப்போம். ஒன்று சிவப்பு உறை, மற்றது கறுப்பு.

முதல் இரண்டு நாளும் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு படம் மீண்டும் சரிந்தபோது, அதை மூடாமல் அதன் சரிபார்ப்புக் கூட்டை எடுத்தேன். ஷா256 கணக்குத்தான், கோப்பில் ஒரு பிட் மாறினாலும் விடை முழுவதும் மாறிவிடும். திரும்ப எடுத்தேன். அதே விடை. இரண்டு தரமும் ஒன்றே வந்ததால், வன்தட்டில் கோப்பு இப்படித்தான் கிடக்கிறது என்று ஒரு மணித்தியாலம் நம்பிக்கொண்டிருந்தேன். வன்தட்டின் உடல்நிலையைச் சோதித்தேன், வயரைக் கழற்றி மாட்டினேன். எல்லாம் வீண்.

நான் மறந்தது இதைத்தான். லினக்ஸ் ஒரு கோப்பை வாசித்தால், வாசித்ததை ரேமில் வைத்துக்கொள்ளும். பேஜ் கேஷ் என்பது அது. அடுத்த தரம் யார் கேட்டாலும் வன்தட்டுக்குப் போகாது, ரேமில் இருக்கிற பிரதியையே நீட்டும். இரண்டாம் தரம் நான் எடுத்த கூட்டு வன்தட்டைத் தொடவே இல்லை. ஒரே சாட்சியை இரண்டு தரம் கேட்டுவிட்டு, இரண்டு சாட்சி கிடைத்தது என்று நினைத்திருக்கிறேன்.

கேஷைக் காலி செய்யச் சொல்லி லினக்ஸின் கருவான கேர்னலிடம் கேட்கலாம். புரொக் அடைவில், விஎம் பகுதியில், ட்ரொப் கேச்சஸ் என்ற கோப்புக்குள் 3 என்று எழுதினால் போதும். அதற்கு முதல் எழுதவேண்டியதெல்லாம் வன்தட்டுக்குப் போய்ச்சேர சிங்க் கட்டளை. ஆனால் உடனே அதைச் செய்யவில்லை. பழுதான பிரதி அழிந்துவிடும். முதலில் அந்தக் கோப்பை வேறு பெயரில் பிரதி எடுத்தேன். பிரதி கேஷிலிருந்து எடுக்கப்படுவதால் பழுதும் சேர்ந்து வரும். பிறகு கேஷைக் காலி செய்து, மூலக் கோப்பின் கூட்டை எடுத்தேன். விடை வேறு. படத்தைத் திறந்தால் சுத்தம்.

அப்போதுதான் இரண்டு விஷயம் ஒன்றாகத் தெரிந்தது. வன்தட்டு சுத்தம், ரேமில் இருந்த பிரதிதான் பழுது. இன்னொன்று, நான் இப்போது பரிசோதனைக்காகச் செய்ததையே நாங்கள் ஒவ்வொரு கிழமையும் தெரியாமல் செய்துகொண்டிருந்தோம். பிரதி எடுக்கும்போது கேஷில் பழுதான பக்கம் இருந்தால், சிவப்புத் தட்டுக்கும் கறுப்புத் தட்டுக்கும் பழுதே போயிருக்கும். அன்றிரவு எனக்குச் சரியான நித்திரை இல்லை.

கேர்னலில்தான் பிழையோ என்று முதலில் யோசித்ததற்குக் காரணம் இருந்தது. 2022 மார்ச் 7 இல் வெளிவந்த டேர்ட்டி பைப் பிழையை மக்ஸ் கெல்லர்மான் கண்டுபிடித்த விதத்தை நான் வாசித்திருந்தேன். அதுவும் கோப்பு விரிய மறுக்கிறது என்ற ஒரு முறைப்பாட்டில்தான் தொடங்கியது. அமுக்கி வைத்த பதிவுக் கோப்புகளின் கடைசி 8 பைட் மட்டும் மாறியிருந்தன. அவை ஸிப் (zip) கோப்பு ஒன்றின் தலைப்புத் துண்டு. கடைசியில் பார்த்தால், பைப்பின் (ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு கடத்தும் வழி) இடைத்தாங்கியில் ஒரு கொடியைத் துடைக்காமல் விட்டதால், வாசிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பின் கேஷ் பக்கத்திலேயே வேறு நிரலால் எழுத முடிந்தது. பக்கம் மாறியதாகக் கேர்னல் குறித்துக்கொள்ளாது. அதனால் கேஷ் காலியானால் மாற்றமும் மறைந்துவிடும். எங்களுடைய படத்தின் நடத்தை மாதிரியே. அதற்கு முதல் 2006 இலும் ஒன்று நடந்தது. 2.6.19 கேர்னலில், நினைவகத்துடன் இணைத்து எழுதப்பட்ட கோப்புகளின் சில பக்கங்கள் "அழுக்கு" (இன்னும் வன்தட்டில் எழுதவேண்டியது) என்ற குறியை இழந்து வன்தட்டுக்குப் போகாமலே தொலைந்தன. அந்த வருடத்தின் கடைசி நாட்களில்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை மூடினார்.

ஆனால் டேர்ட்டி பைப் 5.8 இல் வந்து, 5.10.102, 5.15.25, 5.16.11 பதிப்புகளில் திருத்தப்பட்டது. எங்களுடையது 6.1. அந்தக் கதவு மூடிவிட்டது. மற்றதோ 6.1 க்குப் பதினாறு வருடம் முந்தியது.

சரி, பழுது எப்படி இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம் என்று, நல்ல பிரதியையும் பழுதான பிரதியையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். கூட்டு மாறிப் பிடிபட்ட 26 மெகாபைட் டிஃப் ஒன்றில் வித்தியாசம் ஒரே ஒரு பைட். ஒரே ஒன்று! 7,673,401 ஆம் இடத்தில், எண்ம (எட்டை அடியாகக் கொண்ட) முறையில் 105 இருக்கவேண்டிய இடத்தில் 125. அடுத்த மூன்று மத்தியானமும் தங்கச்சியும் நானும் காவல் இருந்து இன்னும் இரண்டு பிடித்தோம். ஒன்றில் 20,973,113 ஆம் இடம், 243 க்குப் பதில் 263. மற்றதில் 13,542,969 ஆம் இடம், 012 க்குப் பதில் 032.

எண்ம முறையில் எல்லாவற்றிலும் கூடியிருப்பது 20, அதாவது பதின்ம முறையில் 16. ஐந்தாவது பிட் மட்டும் 0 இலிருந்து 1 ஆகியிருக்கிறது. ஒருதரமாவது 1 இலிருந்து 0 ஆகவில்லை.

இடங்களைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைக் கழித்து (ஒப்பிடும் கட்டளை 1 இலிருந்து எண்ணும்), 4096 ஆல் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். கேர்னல் ரேமைப் பங்கு போடுவது 4096 பைட் பக்கங்களாகத்தான். தங்கச்சி உயர்தரத்தில் கணிதம் படிக்கிற பிள்ளை, கையாலேயே வகுத்தாள். 7,673,400 ஐ வகுத்தால் ஈவு 1873, மீதி 1592. இரண்டாவது, ஈவு 5120, மீதி 1592. மூன்றாவதை அவள் வகுத்து முடிக்க முதலே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் பேசாமல் இருந்தேன். ஈவு 3306. மீதி 1592.

"மூண்டும் ஒண்டுதானே அண்ணை!" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

கோப்பின் பக்கமொன்று ரேமில் குந்துகிற 4096 பைட் இடம்தான் சட்டகம். பக்கத்தின் தொடக்கம் சட்டகத்தின் தொடக்கத்தோடு பொருந்தியே குந்தும். ஆகவே மூன்று வேறு வேறு கோப்புகளில், மூன்று வேறு வேறு பக்கங்களில், 1592 ஆம் பைட்டே பழுதாகிறதென்றால், மூன்றும் ஒரே சட்டகத்தில் வந்து குந்தியிருக்கவேண்டும். ஒரு நிரற்பிழை ஒரே ஒரு பிட்டை மாற்றவே மாட்டாது என்று சொல்லமாட்டேன். விடுவித்த நினைவகத்தில் ஒரு கொடியை ஏற்றுகிற பிழை அதைச் செய்யக்கூடும். ஆனால் அப்படியானது கணினியை நிறுத்திப் போட்ட பிறகும் நாள் தவறாமல் ஒரே இடத்தில் வந்து நிற்காது.

ஊகித்தால் போதாது, சட்டகத்தின் இலக்கம் வேண்டும். லினக்ஸில் அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு செயன்முறைக்கும் (ஓடுகிற நிரலுக்கும்) பேஜ்மப் என்று ஒரு கோப்பு உண்டு. அதன் மெய்நிகர் நினைவகப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 8 பைட் பதிவு. பதிவின் கீழ் 55 பிட்டும் பௌதிகச் சட்டகத்தின் இலக்கம், மேல் நுனிப் பிட் அந்தப் பக்கம் இப்போது ரேமில் இருக்கிறதா என்பதைச் சொல்லும். ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் கேட்டால் இலக்கத்துக்குப் பதில் பூச்சியம்தான் தரும். பைதனில் இருபது வரி எழுதினேன். கோப்பை நினைவகத்தோடு இணைத்து, வேண்டிய பக்கத்தில் ஒரு பைட்டை வாசித்து (தொடாத பக்கம் பதிவில் வராது), பேஜ்மப்பில் அதன் வரியைப் பார்ப்பது. அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் நாலாவது பழுது வந்தபோது ஓடவிட்டேன். 1340051. அடுத்தநாள் ஐந்தாவது பழுது, வேறு கோப்பு. 1340051.

அதைப் பதினறும (பதினாறை அடியாகக் கொண்ட) முறைக்கு மாற்றினால் 147293. கொப்பியில் பெரிதாக எழுதி வட்டம் போட்டேன்.

இந்த இடத்தில் ரேம் பழுது என்று முடித்துவிடலாம் என்று நினைத்து, இரவு ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென்ட்ரைவிலிருந்து ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். விடியப் போய்ப் பார்த்தால், பல சுற்று முடிந்திருக்கிறது, பிழை ஒன்றுமில்லை. மாஸ்ரர், எங்கள் நிலையத் தலைவர், தேத்தண்ணியோடு வந்தவர், திரையைப் பார்த்துவிட்டு, "அப்ப ரேம் நல்லமோ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆறு நாள் வேலை சரிந்து விழுந்த மாதிரி இருந்தது.

மாஸ்ரர்தான் வழி சொன்னார், தெரியாமலே. "இரவில நல்லாத்தானே நிண்டது. பகல் வெயில்லதான் இந்த அறையில மனிசர் இருக்கேலாது."

ரேமில் ஒரு பிட் என்பது ஒரு சின்ன மின்தேக்கி. அதில் ஊற்றிய ஏற்றம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒழுகி முடிய முதல் திரும்ப ஊற்றவேண்டும். டிடிஆர்3 இல் 64 மில்லி செக்கனுக்குள் எல்லா வரிசைகளையும் ஒருதரம் புதுப்பித்தாகவேண்டும். சூடு ஏற ஏற ஒழுக்கு வேகமாகும். 85 பாகை செல்சியசைத் தாண்டினால் அந்த இடைவெளியைப் பாதியாக்கச் சொல்கிறது தரநியமம். நலிந்த ஒரு கலம் இரவுக் குளிரில் 64 மில்லி செக்கனைச் சமாளித்துவிட்டு, பகல் சூட்டில் தோற்றுப்போகலாம். ஏற்றம் போனால் 0 ஆகத்தானே வேண்டும், எங்களுக்கு ஏன் 1 ஆகிறது என்று எனக்கும் ஒரு குழப்பம் இருந்தது. சில வரிசைகளில் கலங்கள் மறுபுறமாக இணைக்கப்பட்டிருக்கும், அங்கே வெறுமைதான் 1.

காலையில் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காலையில் 8 ஜிபியில் ஒன்றரைக்கு மேல் பாவனையில் இராது. மத்தியானம் ஆகும்போது ஸ்கான் செய்த கோப்புகளால் கேஷ் நிரம்பி, சும்மா கிடந்த சட்டகங்களும் வேலைக்கு வந்துவிடும். 147293 க்கு ஆள் வந்து குந்துவது அப்போதுதான்.

அன்று பன்னிரண்டரைக்கு, பெட்டியின் மூடியைப் போட்டபடி, மின்விசிறியையும் நிற்பாட்டிவிட்டு மெம்டெஸ்டை ஓடவிட்டேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் சிவப்பு வரி. முகவரி 147293638. எதிர்பார்த்ததுக்கும் கிடைத்ததுக்கும் வித்தியாசம் பதினறும முறையில் 10, அதாவது 16.

முகவரியின் முதல் ஆறு இலக்கம் நான் வட்டம் போட்டு வைத்த சட்டகம். கடைசி மூன்று இலக்கம் 638; பதின்ம முறையில் அது 1592. இயங்கும் கேர்னலுக்குள் இருந்து பேஜ்மப் சொன்னதையும், கேர்னலே இல்லாமல் ஓடுகிற மெம்டெஸ்ட் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் 6 ஐ 256 ஆலும் 3 ஐ 16 ஆலும் பெருக்கி 8 ஐக் கூட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் நம்பினாள். அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பெட்டிக்குள் விரலளவு புழுதி இருந்தது. முதல் நாளே அதைத் தட்டித் துடைத்திருந்தால் சூடு குறைந்து பழுது ஒளிந்திருக்கும். கிழமைக்கு ஒரு படம், மாதத்துக்கு ஒரு படம் என்று யாருடைய கண்ணிலும் படாமல் பழுதாகிக்கொண்டிருந்திருக்கும். பழுது பிடிபடும் வரைக்கும் ஒன்றையும் துடைக்காதேயுங்கோ.

புது ரேம் வவுனியாவில் சொல்லிவைத்தால் நாலைந்து நாள். இருப்பது ஒரே ரேம், கழற்றவும் முடியாது. அதுவரைக்கும் அந்தச் சட்டகத்தைக் கேர்னல் தொடாமல் செய்யவேண்டும். உடனடி வைத்தியத்துக்கு, சிஸ் அடைவில் சொஃப்ட் ஒஃப்லைன் பேஜ் என்ற கோப்புக்குள் பௌதிக முகவரியை எழுதினேன். கேர்னல் அந்தப் பக்கத்தில் இருந்ததை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, சட்டகத்தை ஒதுக்கிவிடும். நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் ஹார்ட்வேர் கரப்டட் என்ற வரி 0 இலிருந்து 4 கேபி ஆனது. பழுதான பைட்டும் சேர்ந்துதான் மாறிப்போகும் என்பதால் கையோடு கேஷையும் காலி செய்தேன்.

ஆனால் கணினியை நிறுத்திப் போட்டால் அந்த ஒதுக்கம் போய்விடும். நிரந்தரமாக ஒதுக்கத் தொடக்கக் கட்டளையில் மெம்மப் என்ற வரி எழுதவேண்டும்: 64 கே, டொலர் குறி, பிறகு 147290000 என்ற பதினறும முகவரி. "இங்கிருந்து 64 கிலோபைட்டை விட்டுவிடு" என்று பொருள். எழுதி மறுதொடக்கம் செய்தேன். கறுப்புத் திரை. ஒன்றும் எழும்பவில்லை.

டொலர் குறிதான் காரணம். கணினியைத் தொடக்கிவைக்கிற க்ரப் நிரலின் அமைப்புக் கோப்பில் அது மாறியின் அடையாளம், அதனால் இடையிலேயே தின்னப்பட்டுவிடும். குறி இல்லாத வரியைக் கேர்னல் எப்படி வாசிக்கும் தெரியுமா? "மொத்த நினைவகமே 64 கிலோபைட்தான், மற்றதை விட்டுவிடு." அதில் எது எழும்பும்! க்ரப் பட்டியலில் ஈ எழுத்தை அழுத்தி அந்த வரியை நீக்கிவிட்டு உள்ளே வந்து, டொலருக்கு முன்னால் மூன்று பின்சாய்கோடு போட்டு எழுதினேன். இந்தமுறை வந்தது. ரூட் ஆக, நினைவக முகவரிகளைப் பட்டியலிடும் ஐஓமெம் கோப்பைப் பார்த்தால் அந்த முகவரியில் ஒதுக்கப்பட்டது என்ற வரி இருக்கும். அதைக் கண்டபிறகுதான் தங்கச்சியை ஸ்கானுக்கு விட்டேன். அடுத்த ஐந்து மத்தியானமும் ஒரு படமும் சரியவில்லை.

இனி, ஏற்கெனவே பழுதாகிப்போனவை.

"ஒரு புள்ளிதானே தம்பி, ஆர் காணப்போயினம்?" என்று மாஸ்ரர் கேட்டார். டிஃப் படத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளில் ஒன்றின் நிறம் 16 கூடினால் கண்ணுக்குத் தெரியாது. பதில் சொல்லாமல், பதிவேட்டுக் கோப்பை மூன்று தட்டிலும் (கணினியினது, சிவப்பு, கறுப்பு) ஒப்பிட்டபோது கிடைத்ததைக் காட்டினேன். ஒரு அனுமதிப்பத்திரத்தின் விபரத்தில் "அரை ஏக்கர் மேட்டுக்காணி" என்று இருக்கவேண்டும். கறுப்புத் தட்டில் "கரை ஏக்கர் மேட்டுக்காணி" என்று இருந்தது. யுனிகோட்டில் அகரத்தின் கடைசிப் பைட் பதினறும முறையில் 85, ககரத்தினது 95. இடையில் அந்த ஒரே பிட்தான். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தார். 0 முதல் 9 வரையான இலக்கங்களில் அந்தப் பிட் முதலே 1 ஆக இருப்பதால், காணி இலக்கங்களும் திகதிகளும் தப்பியிருந்தன. அது தற்செயல்தான்.

மூன்று தட்டிலும் இருக்கிற எல்லாக் கோப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட விட்டேன். இரண்டு இரவு ஓடியது. 23 கோப்புகளில் பிரதிகள் ஒத்துப்போகவில்லை. 23 இலும் இடம் 1592, வித்தியாசம் 16. எது சரி, எது பிழை என்று தலையை உடைக்கத் தேவை இருக்கவில்லை. பழுது 0 ஐ 1 ஆக்க மட்டுமே செய்யும்; ஆகவே பெறுமதி குறைந்த பிரதிதான் உண்மை. 23 உம் மீண்டது.

மூன்று தட்டிலும் ஒரேமாதிரிப் பழுதான கோப்பை ஒப்பிட்டுப் பிடிக்க முடியாது. அப்படி ஒன்று எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

ஒரு அக்கா போன வருடம் தன்னுடைய கைபேசியில் இருந்து ஒரு படம் தந்திருந்தா. அவவின் ஐயா, இரணைமடுக் குளக்கட்டில், சைக்கிளோடு நிற்கிற படம். கடதாசிப் படம் தண்ணியில் ஊறிப்போனதால், அது முழுதாகப் போக முதல் கைபேசியில் பிடித்து வைத்தது. நாங்கள் பிரதி எடுத்த பிறகு கைபேசியும் போய்விட்டது. எங்களிடம் இருந்த ஜேபெக் மூன்று தட்டிலும் ஒரேமாதிரி, ஐயாவின் இடுப்புக்குக் கீழே சாம்பல் பட்டைகளாக. எங்களுடைய கணினிக்குள் வந்த அந்த நிமிடத்திலேயே 147293 இல் குந்தி, பழுதாகி, அப்படியே வன்தட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஜேபெக் அமுக்கிய கோப்பு. ஒரு பிட் பிசகினால் அதற்குப் பிறகு வருகிறதெல்லாம் இடம் மாறி வாசிக்கப்படும். டிஃப் என்றால் ஒரு புள்ளியோடு போயிருக்கும்.

அந்த அக்காவிடம் படம் பழுதாகிவிட்டது என்று போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு உறைத்தது: பழுதின் முகவரி எனக்குத் தெரியும்தானே! கோப்பு 3,302,118 பைட். 4096 ஆல் வகுத்தால் 806 முழுப் பக்கம், மிச்சத் துண்டு 1592 வரை நீளாது. பழுது இருந்தால் இந்த 806 இடங்களில் ஒன்றில்தான். அதிலும் அந்தப் பிட் இப்போது 1 ஆக இருக்கிற இடங்கள் மட்டும், எண்ணினால் 391. ஒவ்வொன்றாக அந்தப் பிட்டை 0 ஆக்கி ஒரு பிரதி செய்து, ஜேபெக் விரிப்பானிடம் கொடுத்து, எச்சரிக்கை இல்லாமல் கடைசிவரை விரிகிறதா என்று பார்க்கவேண்டும். முப்பது வரி நிரல். ஓடி முடிய இரண்டு மூன்று நிமிடம்.

390 பிரதிகளுக்கு எச்சரிக்கை வந்தது. ஒன்றுக்கு வரவில்லை. பக்கம் 402, இடம் 1,648,184.

திறந்தேன். ஐயாவின் சாரம், வெறும் கால், சைக்கிளின் பின் சில்லு, கட்டின் புல்லு, எல்லாம் இருந்தது. சைக்கிள் கரியரில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு சாக்கு மூட்டை. இதுநாள்வரை நாங்கள் ஒருவரும் காணாத பகுதி அது.

அக்காவைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டுக் காட்டினோம். அவ கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு மூட்டையைத் தொட்டு, "இது விதைநெல்லு. காலபோகத்துக்கு மாமா வீட்டை இருந்து கொண்டந்தவர். நான் பின்னால மூட்டைக்கு மேல இருந்து வந்தனான்" என்றா.

ரேம் சனிக்கிழமை பின்னேர பஸ்ஸில் வந்தது. மாட்டிவிட்டு மெம்மப் வரியை எடுத்தேன். புது ரேமுக்கு அது தேவையில்லை. இரண்டு மத்தியானம் மூடியைப் போட்டு மெம்டெஸ்ட் ஓடவிட்டுப் பார்த்தாயிற்று. சேர்வர்களில் போடுகிற ஈசிசி வகை ரேம் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலாக வைத்து இப்படியான ஒற்றைப் பிட் பிழையைத் தானே திருத்திவிடும். எங்களுடைய பலகை அதை ஏற்காது. எக்ஸ்ட்4 கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்புக் கூட்டு வைப்பதில்லை. ஆகவே நாங்களே வைக்கிறோம். ஸ்கான் செய்தவுடன் கேஷைக் காலி செய்து, வன்தட்டிலிருந்து திரும்ப வாசித்துக் கூட்டு எடுத்து, அதைக் கோப்பிலும் கடைசி எட்டு எழுத்தைக் கொப்பியிலும் பதிகிறோம். வெளித் தட்டுக்குப் பிரதி எடுத்தாலும் தட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் ஒப்பிடுகிறோம், இல்லாவிட்டால் கேஷ்தான் பதில் சொல்லும். ஒரு படத்துக்கு முப்பது செக்கன் கூடச் செலவாகிறது.

அந்தப் பழைய ரேம் பூட்டப்பட்ட நாள் தொடங்கி, பகல் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் இடையில் ஸ்கான் செய்தவை என்று பதிவேட்டில் இருப்பவை 146. அவற்றில் எது பழுது, எது சுகம் என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. உரிமையாளர் வீடுகளுக்குப் போய்க் கேட்டு வாங்கித் திரும்ப ஸ்கான் செய்கிறோம். இன்றோடு 61 முடிந்தது. வாற ஞாயிறு கற்சிலைமடுப் பக்கம் போகவேண்டும், அங்கே ஒரே வீட்டில் பன்னிரண்டு இருக்கிறது.